சிற்றம்பலம் பார்த்த பல்கலைக்கழகம்

கிளிநொச்சிக்கு அருகே முரசுமோட்டையில் வயல் செய்யும் சிற்றம்பலத்துக்கு நெல்லைப் பற்றித் தெரியாதது கொஞ்சம். பல்கலைக்கழகங்களைப் பற்றித் தெரிந்தது அதைவிடக் கொஞ்சம். ஆனாலும் மகள் யதுர்ஷிகாவின் மேற்படிப்பு விசயத்தில் அவர் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு நின்றார்: "அங்க எங்கட ஆக்கள் ஆர் இருக்கினம்?" மனிதருக்கு வேறெந்தத் தரவரிசையும் தேவைப்படவில்லை.

யதுர்ஷிகா கிளிநொச்சிக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய்வந்து கணினிப் பொறியியல் படித்தவள். ஒருநாள்கூட வெளியில் தங்கியதில்லை. முதுமாணிப் படிப்புக்கு இரண்டு இடங்கள், இரண்டும் உதவித்தொகையோடு கிடைத்திருந்தன. ஒன்று டொரன்டோவில், சிற்றம்பலத்தின் தம்பி சுதாகரன் வீட்டிலிருந்து இருபது நிமிடப் பயணம். மற்றது பின்லாந்தின் வடக்கே ஒரு நகரத்தில். வாய்க்கால் தண்ணீரை அளக்கும் சின்னக் கருவியொன்றை அவள் இறுதியாண்டில் செய்திருந்தாள். அப்படியான கருவிகளையே ஆராயும் பேராசிரியை அங்கேதான் இருந்தார். அவளுக்கு ஆசை முழுவதும் அந்த இடத்தில்தான். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்லவேண்டும்.

சிற்றம்பலம் நாலு நாள் போனும் கையுமாகத் திரிந்தார். நோர்வேயிலுள்ள மச்சானைக் கேட்டார், மச்சானின் சிநேகிதரைக் கேட்டார், வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலில் ஒருமுறை கண்ட சுவிஸ்காரரைக்கூட விடவில்லை. அந்த நகரத்தில் எங்கட ஆக்கள் என்று ஒரு ஈ காக்கை இல்லை. வியாழன் பின்னேரம் குசினி வாசலில் நின்று, "டொரன்டோவுக்கே எழுது பிள்ளை" என்றார். "ஓம் அப்பா" என்றாள் அவள். மறுபேச்சே இல்லை. அதுதான் அவரைக் கொஞ்சம் உறுத்தியது.

தேங்காய் திருவிக்கொண்டிருந்த மனைவி ஜெகதீஸ்வரி தலை நிமிராமலே கேட்டார்: "உடையார்கட்டில எங்களைப் பங்கருக்குள்ள எடுத்தது ஆர்? உங்கட ஆக்களோ?"

இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசிப் போரில், ஷெல்லுக்குள் எட்டு வயது யதுர்ஷிகாவைத் தூக்கிக்கொண்டு ஓடிய சிற்றம்பலம், முதலில் போய் நின்றது சொந்தப் பெரியப்பா மகனின் பதுங்குகுழி வாசலில். இடமில்லை என்றார்கள். உண்மையாகவே இடமில்லை, குறை சொல்லமுடியாது. பக்கத்து வளவில், மலையகத்திலிருந்து வந்து குடியேறிய வடிவம்மா, முன்பின் கண்டிராத மனுசி, தன் பிள்ளைகளை நெருக்கி இருத்திவிட்டு இவர்கள் மூவரையும் உள்ளே இழுத்தார். பதினொரு நாள் அங்கேயே கிடந்தார்கள். பெயர் கேட்டதே மூன்றாம் நாள்தான். அதைச் சொல்லிச் சொல்லி இத்தனை வருசமாக அழுதவர், மகளின் படிப்பென்று வந்ததும் மறந்துபோனார்.

நின்ற இடத்திலேயே சுதாகரனுக்குப் போன் எடுத்தார். "தம்பி, பிள்ளை பின்லாந்துக்குத்தான் போறாள்."

"பொம்பிளைப் பிள்ளையைத் தெரியாத இடத்தில தனிய விடப்போறியளோ, அண்ணை?"

"ஓம். பயந்து பயந்துதான் விடுறன்." போனை வைத்துவிட்டார்.

யதுர்ஷிகா மடிக்கணினியைக் கொண்டுவந்து கதிரையில் வைத்தாள். பதிலை எழுதிவிட்டு, அனுப்பாமல் அப்பாவைப் பார்த்தாள்.

"உண்மையாத்தானோ, அப்பா?"

"கெதியா அனுப்பு பிள்ளை," என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டே. "நான் மனம் மாற முதல்."