இருட்டுல கைகொடுத்த குரல்

இன்னைக்கு ஞாயித்துக்கிழமை. தேயிலை மலையில வேலை இல்ல. ராகலையில பஸ் ஏறி, நானும் வீட்டுக்காரியும் வலப்பனைப் பக்கம் ஒரு குகை பார்க்கப் போனோம்.

வழி காட்ட வந்த சிங்களக்காரர் லாந்தரோட முன்னால போனாரு. மேல தொங்குற கல்லை நான் அண்ணாந்து பார்த்துக்கிட்டே நின்னதுல அவரை விட்டுட்டோம். கையில இருந்த டோர்ச்சும் அணைஞ்சிருச்சு. எந்தப் பக்கம் போறதுன்னு தெரியாம நான் பதறிட்டேன்.

அவ பதறல. பனி மூடினா கொழுந்து பறிக்கிறவங்க ஒருத்தருக்கொருத்தர் குரல் கொடுப்பாங்கல்ல, அதே மாதிரி "ஓ...ய்!"னு விட்டா ஒரு சத்தம். குகையே அதிர்ந்துச்சு.

கொஞ்ச நேரத்துல தூரத்துல லாந்தர் வெளிச்சம். "வெளிய வரைக்கும் கேட்டிருக்கும்"னு வழி காட்ட வந்தவர் சிங்களத்துல சொல்லிச் சிரிச்சாரு. கையெடுத்துக் கும்பிட்டேன்.

கல்யாணமான நாள்ல இருந்து, "மெதுவா பேசு, லயத்துல அத்தனை வீட்டுக்கும் கேக்குது"ன்னு அவளைத் திட்டினவன் நான்.

திரும்பி வர்றப்ப, "என்னங்க, பசிக்குதா?"ன்னு கேட்டா. பஸ்ஸே திரும்பிப் பார்த்துச்சு. முதல் தடவையா நான் தலை குனியல.

உங்க வீட்டுலயும் இப்படி ஒரு குரல் இருந்தா சொல்லுங்க. சொல்லாட்டியும் பரவாயில்ல, இங்க வரைக்கும் கேக்கும்.