ஒன்பது வயது மூத்தவள்

எனக்கு ஒன்பது வயது, அக்காவுக்குப் பத்து. இந்த ஒரு வயதை வைத்துக்கொண்டு அவள் செய்த அதிகாரம் கொஞ்சமல்ல. சுனாமிக்குப் பிறகு யாரோ கொடுத்துவிட்டுப் போன நாலு கம்ப்யூட்டரை வைத்து, எங்கள் குருசுக்குப்பத்தில் கோடை லீவில் பைத்தான் என்ற கம்ப்யூட்டர் மொழிக்கு வகுப்பு நடத்தினார்கள். ஒரு கம்ப்யூட்டருக்கு இரண்டு பேர். பெரியவர் தட்ட வேண்டும், சின்னவர் பார்க்க வேண்டும் என்று டீச்சர் சொல்லிவிட்டார். நான் எரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் டீச்சர், இரண்டு வயதைக் கேட்டு எது பெரியது என்று சொல்லும் நாலு வரி புரோகிராமை எழுதச் சொன்னார். அக்கா பத்தையும் ஒன்பதையும் தட்டினாள். ஒன்பதுதான் பெரியது என்று திரையில் வந்தது.

அவளை நாற்காலியிலிருந்து தள்ளிவிட்டு நான் உட்கார்ந்தேன். அவள் விடவில்லை. எட்டிக் கையை நீட்டி, ஒன்பதையும் அப்பாவின் வயது நாற்பத்தொன்றையும் தட்டினாள். அதற்கும் ஒன்பதுதான்.

"அப்பாவுக்கே நீதான் மூத்தவளாம்டி. போய் அவர வாடா போடான்னு கூப்புடு."

வகுப்பே சிரித்தது. எனக்கு வெட்கமே வரவில்லை. அக்கா டீச்சரிடம் போய் ஏதோ கேட்டாள், தலையாட்டினாள், சாதுவாகத் திரும்பி வந்தாள்.

"சரிடி, நீதான் பெரியவ. அப்ப காலைல அஞ்சு மணிக்குக் கொழாய்க்கு எனக்குப் பதிலா நீ போ. தம்பியக் குளிப்பாட்டு."

அம்மா விடிவதற்குள் மீன்கூடையோடு கிளம்பிவிடுவார். "எவளாவது ஒருத்தி போங்கடி, எனக்குத் தண்ணி வந்தா சரி" என்றார்.

போனேன். ஐந்து நாள் வரிசையில் நின்று சண்டை போட்டுத் தண்ணீர் பிடித்தேன். தம்பி என் கையைக் கடித்தான். ஆனாலும் கீபோர்டு என்னிடம் இருந்தது, அதனால் பொறுத்துக்கொண்டேன். ஆறாம் நாள் குடத்தோடு விழுந்து முட்டியில் தோல் பெயர்ந்தது. வகுப்பில் அழுதுகொண்டே சொன்னேன்: "நான் சின்னவளாவே இருந்துக்கிறேன்."

அக்கா கீபோர்டை இழுத்து, வயது கேட்கும் இரண்டு வரியிலும் int என்று சேர்த்தாள். பத்துதான் பெரியது என்று வந்தது.

"நம்பர்னு நாம சொல்லணும்டி. சொல்லலன்னா அதுக்கு எல்லாம் வெறும் எழுத்துதான். மொத எழுத்த மட்டும் பாத்துட்டு, ஒன்ன விட ஒம்போது பெருசுன்னு சொல்லிடுச்சு."

"எப்படி கண்டுபுடிச்ச?"

"மொத நாளே டீச்சர் சொல்லிட்டாங்க."

எழுந்து அவள் முதுகில் ஓர் அடி வைத்தேன். அவள் சிரித்தாள். ஏமாற்றுக்காரி என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மறுநாள் ஐந்து மணிக்குப் பழையபடி அவள் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு கிளம்பினாள். நியாயம் கிடைத்துவிட்ட திருப்தியில் நான் புரண்டு படுத்தேன். பத்து வயது ஒன்றும் அவ்வளவு பெரிய வயதில்லை என்பது எனக்கு உறைக்கவே இல்லை.