வளையல் ஏறாத கை

கர்ப்பமாகும் முன்பே நான் நல்ல குண்டு. "உடம்பு கனம் கூடுதல், பிரஷர் வரலாம். தலைவலியோ வீக்கமோ வந்தா நாள் பாக்காம வந்துரு" என்று ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டரம்மா முதலிலேயே சொல்லியிருந்தார்.

ராஜபாளையத்தில் புகுந்த வீட்டில் வளைகாப்பு. காலையிலிருந்தே தலைவலி. முந்தின வாரம் அளவு பார்த்து வாங்கிய கண்ணாடி வளையல் விரல் முட்டியைத் தாண்டவில்லை.

"எம்புட்டுத் தின்னாளோ, கை பூரிச்சுப் போச்சு" என்றாள் நாத்தனார். எல்லாரும் சிரித்தார்கள், நானும்தான். ஆனால் ஒரு வாரத்தில் கை இப்படி வீங்குமா?

சந்தனக் கன்னத்தோடு எழுந்தேன். "அத்தை, நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

"ஏட்டி, பாதியில எந்திரிச்சா ஆகாது. செத்த நேரம் பொறு."

"பொறவு வந்து உக்காருதேன். இப்ப பிரஷர் பாக்கணும்."

முணுமுணுத்தபடி அத்தையும் பஸ் ஏறினார்கள். பிரஷர் பார்த்த டாக்டரம்மா என்னை வீட்டுக்கு அனுப்பவில்லை. "நாளைக்குன்னு விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கலாம்" என்றார். அத்தை என் கட்டிலருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள்.

சில நாளில் மகள் பிறந்தாள். எடை கம்மி, குரல் பெரிது. வீக்கம் வடிந்ததும் அத்தையே அந்த வளையல்களைப் போட்டுவிட்டார்கள்.

அடுத்த பிள்ளைக்கு முன் எடையைக் குறைத்தே தீருவதென்று தினமும் நடக்கிறேன். தெருவில் எந்த வளைகாப்புக்குப் போனாலும், "பிரஷர் பாத்தாச்சா?" என்று கேட்க வாயெடுப்பேன். அத்தை முந்திவிடுகிறார்கள்.