எலி கடித்த வயர்

காலையில் கார் சாவியைத் திருகினேன். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. பானெட்டைத் தூக்கிப் பார்த்தால், எலி உள்ளே புகுந்து வயர்களைக் கடித்துப் போட்டிருந்தது.

மாமனாருக்கு அன்று டயாலிசிஸ். பதினோரு மணிக்குள் நாமக்கல் ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். பஸ் ஏறும் தெம்பு அவருக்கு இல்லை. முகூர்த்த நாள், மோகனூரில் வாடகைக் கார் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. மெக்கானிக்கும் ஏதோ கல்யாணத்துக்குப் போய்விட்டார். என் கணவர் போர்வெல் ரிக் வண்டியோடு சத்தீஸ்கரில் இருந்தார்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு நானே ஆரம்பித்தேன். அறுந்த முனைகளைப் பிளேடால் சீவி, முறுக்கி, டேப் சுற்றினேன். நடுநடுவே எழுந்து போய்க் கடிகாரம் பார்த்தேன். கடைசி இரண்டு வயர்களும் கறுப்பு. கணவருக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்க, ரெண்டும் ஒரே கலரா இருக்குதுங்க. எதை எதோட சேக்கறது?"

போர் போடும் இரைச்சலில் அவர் கத்தினார். "நல்லாத் தொடைச்சுப் பாரு. ஒண்ணுல மெல்லிசா கோடு இருக்கும்."

துப்பட்டாவால் துடைத்தேன். வெள்ளைக் கோடு தெரிந்தது. பச்சை பூத்திருந்த கனெக்டர் பின்களை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன்.

அதற்குள் மாமனார் சட்டை போட்டுக்கொண்டு, வீங்கிய காலை இழுத்து வந்து பின் சீட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"வெந்து போவீங்க மாமா, இறங்குங்க."

"ஊட்டுக்குள்ள இருக்க முடியல சாமி."

எனக்கு எரிச்சலாக வந்தது. அவர்மேல் இல்லை, எதன்மேல் என்றும் தெரியவில்லை. பேட்டரியை மாட்டிச் சாவியைத் திருகினேன். பிடிக்கவில்லை. மறுபடியும் இல்லை. இறங்கிப் போய் ஒவ்வொரு கனெக்டரையும் அழுத்தினேன். ஒன்று சரியாக உட்காரவே இல்லை. அழுத்தியதும் 'டிக்' என்றது. திரும்ப வந்து சாவியைப் பாதி திருகினேன்.

"சீட்டுக்கு அடியில என்னமோ உர்ருங்குது சாமி."

எஞ்சினுக்குப் பெட்ரோல் அனுப்பும் பம்ப்! இதுவரை அது ஓடவே இல்லை. மீதியையும் திருகினேன். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

வழியெல்லாம், ஒவ்வொரு வேகத்தடையிலும் என் காது பானெட்டுக்குள்ளேயே இருந்தது. பத்து நிமிடம் தாமதம். நர்ஸ் முகம் சுளித்தாலும் அவரைப் படுக்க வைத்து மிஷினை மாட்டினார். மாமனார் கண்ணை மூடிக்கொண்டார். எனக்கு அங்கே உட்காரத் தோன்றவில்லை. கீழே போய்ப் பானெட்டைத் திறந்து, சுற்றிய டேப்பை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தேன். எதுவும் சுடவில்லை. அப்படியும் டேப்பை இன்னொரு சுற்று சுற்றினேன்.