பேசாத சர்க்யூட்

ஜூன் பதினான்காம் தேதி, சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு எங்கள் வகுப்பின் ஒரே வால்வு ஆம்பிளிஃபயர் கருகியது. செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடியில் நடந்த வார இறுதி எலக்ட்ரானிக்ஸ் வகுப்பு அது. மற்ற நாட்களில் நான் கல்லூரியில் தமிழ் இலக்கியம் படித்தேன். என் அத்தை மகனும் அதே மேசையில் இருந்தான். ஸ்பீக்கர் ஒயரைக் கழற்றியவன் அவன். மாட்ட மறந்து, சத்தத்தை முழுக்கத் திருப்பியவனும் அவன். வால்வு ஆம்பிளிஃபயரை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டினால் உள்ளே டிரான்ஸ்ஃபார்மர் வெந்துவிடும். வெந்தது.

"அவதான் சார் ஒயரக் கழட்டினா" என்று என்னைக் காட்டினான்.

சரியான வாக்கியத்தை நான் தேடி முடிப்பதற்குள் வாத்தியார் அதை நம்பிவிட்டிருந்தார். மாலையில் அவன் பக்கத்து ஊரான வல்லத்தில் எங்கள் வீட்டுக்கே வந்தான்.

"கவிதை படிக்கிற பொண்ணுக்கு கரண்டு வேலை எதுக்கு மாமா? நாளைக்கு இன்னாத்தக் கொளுத்துவாளோ."

என் அப்பா, நைனா, சிரித்தார். பிறகு, "டிரான்சிஸ்டர் பரீட்சை வரைக்கும் போவட்டும். தேறலன்னா நிறுத்திக்கலாம்" என்றார். நான் பரீட்சைக்காகக் காத்திருந்தேன்.

மைக்குக்கான சிறிய ஆம்பிளிஃபயர் ஒன்றைச் செய்வதுதான் பரீட்சை. அதுவரை நாங்கள் பழகிய டிரான்சிஸ்டருக்கு மூன்று கால்களில் நடுவில் இருப்பது பேஸ். பரீட்சையன்று வாத்தியார் பல வகைகளை ஒரே டப்பாவில் கலந்து வைத்திருந்தார். எனக்கும் அவனுக்கும் கிடைத்த வகையில் நடுவில் இருந்தது கலெக்டர்; கால் மாறினால் சர்க்யூட் பேசாது. எந்தக் கால் எது என்று நான் மீட்டர் வைத்துப் பார்த்தேன். அவன் பார்க்கவில்லை.

"நடுவுல இருக்கிறது பேஸ்தான?" என்று என்னிடம் கேட்டான்.

"உனக்குத் தெரியாததா?"

அவ்வளவு இனிமையாக நான் அவனிடம் அதற்கு முன் பேசியதே இல்லை.

பிற்பகலில் செய்ததைப் பார்க்க எல்லார் வீட்டாரும் வந்தார்கள். நைனா என் மைக்கைப் பிடித்து, "அலோ, இந்த வருசம் மல்லாட்ட காய்க்குமா?" என்று கடலை விளைச்சலை விசாரித்தார். அறை முழுதும் கேட்டது. அவனுடையதில் இரைச்சல்கூட வரவில்லை.

பேசாத சர்க்யூட்டை வாத்தியார் தொடமாட்டார். அதே மேசையில் இருப்பவர்தான் பேசவைக்க வேண்டும் என்பது அந்த வகுப்பின் வழக்கம்.

"கொஞ்சம் பாரேன்" என்றான்.

"பாக்கறேன். மொதல்ல அந்த ஒயரக் கழட்டினது யாருன்னு நைனாகிட்ட சொல்லு."

"எல்லாரும் இருக்காங்க."

"அன்னைக்கும் இருந்தாங்க. மைக்குல சொல்லு."

என் மைக்கில், என் ஸ்பீக்கர் வழியே, அவன் சொன்னான். குரல் தாழ்ந்தபோது நான் சத்தத்தைக் கூட்டினேன். நைனா இம்முறை சிரிக்கவில்லை. "வாரா வாரம் போ" என்று மட்டும் என்னிடம் சொன்னார்.

மறுநாள் காலை, யாரும் வருவதற்கு முன், அவனுடைய டிரான்சிஸ்டரைக் கழற்றி, கால்களை மாற்றி வளைத்து, மீண்டும் பற்றவைத்தேன். அவன் வந்து மைக்கைத் தட்டிப் பார்த்தான். ஸ்பீக்கரில் கேட்டது.

"எங்க தப்பு?"

"அதான் பேசுதில்ல?" என்று சொல்லிவிட்டு, மீட்டரை அணைத்து என் பையில் வைத்துக்கொண்டேன்.