கொமிட் எல்லாம் என் பெயரில்

இன்று நுவரெலியாவில் எங்கள் புரோகிராமிங் வகுப்பில் அசைன்மென்ட்டுக்கு மார்க் போட்டார்கள்.

நானும் கலைவாணியும் ஒரு குழு. அவளிடம் லெப்டொப் இல்லை. தேயிலைத் தோட்டத்து லயத்து வீட்டில் உட்கார்ந்து புரோகிராமைக் கொப்பியில் எழுதிக் கொண்டுவருவாள். நான் அதை டைப் செய்து, இணையத்தில் என் கணக்கில் திறந்த கிட் ரெப்போ என்ற சேமிப்பிடத்தில் ஏற்றுவேன். யார், எப்போது, எதை ஏற்றினார்கள் என்று அது பதிந்துவைக்கும்.

பாடம் நடத்தும் சேர் அந்தப் பதிவைத் திறந்தார். முழுக்க என் பெயர்.

"கலைவாணி, நீங்க ஒண்ணுமே செய்யலையே?"

"சேர், எழுதினது பூரா அவதான். நான் டைப் மட்டுந்தான் பண்ணேன்" என்றேன்.

"ரெப்போவுல அப்படி இல்லையே."

அவள் கொப்பியை நீட்டினாள். சேர் வாங்கவில்லை. அவளுக்குப் பூச்சியம்.

வலப்பனை பஸ்ஸில் ஒன்றாகத் திரும்பினோம். இறங்கும்போது சொன்னாள்.

"அம்மா கொழும்புக்குக் கடை வேலைக்குப் போகச் சொல்லிக்கிட்டே இருந்தாங்க. ரிசல்ட் வரட்டும்னு நிறுத்தி வச்சிருந்தேன். இனி என்னத்தடி சொல்ல?"

வீட்டுக்கு வந்து தேடினேன். கொமிட் செய்யும்போது, அதாவது ரெப்போவில் பதியும்போது, எழுதியவர் பெயரைச் சேர்க்க ஒரே ஒரு வரி போதுமாம். முதல் வாரப் பாடத்திலேயே இருக்கிறது. நான்தான் படிக்கவில்லை.

உடனே சேருக்கு வாட்ஸ்அப்பில் அதை எழுதி அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் இல்லை.

அவள் எழுதிய புரோகிராமுக்கு எனக்கு 'ஏ' கிடைத்திருக்கிறது. வாழ்த்துச் சொல்ல மனம் வருபவர்கள் கீழே சொல்லுங்கள்.