அக்கா உரிச்ச சுவர்

எங்க வீட்டுல வால்பேப்பரை யாரும் உரிச்சதே கிடையாது. பழசு அழுக்கானா அது மேலயே புதுசு. மாமனார் வச்ச சட்டம். ஒட்டற வேலை மட்டும் அவரோட மூத்த மக தலையில. எனக்கு நாத்தனார், அக்கான்னுதான் கூப்பிடுவேன். தையல் கம்பெனியில நாளெல்லாம் காலர் தைச்சுட்டு வந்து, ஸ்டூல்ல ஏறி மைதா பசை தடவி ஒட்டுவாங்க. இணைப்பு எங்கன்னு பூதக்கண்ணாடி வச்சாலும் தெரியாது. அவங்க கல்யாணம் பண்ணிக்கலன்னு ஊரு சொல்லும். யாரும் பண்ணி வைக்கலங்கறதுதான் நிஜம்.

மாமனார் போனதும் வீடு என் வீட்டுக்காரர் பேருக்கு வந்துச்சு. அக்காவுக்கு மாடி ரூம், அதுவும் வாய் வார்த்தையா.

பையன் கல்யாணத்துக்காக வீட்டைப் புதுப்பிக்க ஆரம்பிச்சோம். பெயிண்டர் சுவத்தைத் தட்டிப் பாத்துட்டு, இது சுவர் இல்லைங்க, மெத்தைன்னான். அத்தனையும் உரிச்சாத்தான் பெயிண்ட் நிக்குமாம். என் ரூமை நானே உரிச்சுக்கறேன்னாங்க அக்கா. அப்புறமும் அது எனக்குத்தானேன்னு தம்பியை, அதான் என் வீட்டுக்காரரை, கேட்டாங்க. வேற யாருக்குன்னார், போன்லேர்ந்து தலையைத் தூக்காம.

அவர் ஹாலை உரிச்ச லட்சணத்தைச் சொல்லணும். காஞ்ச காகிதத்துல கத்தியை விட்டுச் சுரண்டி, பூச்சோட பேத்து, எலி கடிச்ச ரொட்டியாட்டம் ஆக்கி வச்சார். அக்கா அப்படி இல்ல. வெந்நீரை ஸ்பாஞ்சால ஒத்தி, ஊறற வரைக்கும் பொறுத்து, கீழ் முனையிலேர்ந்து இழுப்பாங்க. முழுத் துண்டா வரும். பச்சை, அதுக்குள்ள கோடு, அதுக்குள்ள மஞ்சள் பூ. மாடி பூரா புளிச்ச பசை நாத்தம்.

கடைசிச் சுவத்துல பலகை அடிச்ச கதவு ஒண்ணு வெளிய வந்துச்சு. அந்தப் பக்கம் இப்ப பையன் ரூம். ஒரு காலத்துல எங்களோடது. நான் கல்யாணமாகி வர்றதுக்கு முன்னாடி மாமனார் அதை அடைச்சுட்டார், அக்காதான் ஒட்டி மறைச்சிருக்காங்க. அப்ப வெளியூர் வேலையில இருந்த என் வீட்டுக்காரருக்கு அப்படி ஒரு வழி இருந்ததே மறந்து போச்சு.

வந்து பலகையைத் தட்டிப் பாத்தார். முகத்துல ஒரு வெளிச்சம். இதைத் திறந்துட்டா ரெண்டு ரூமும் ஒண்ணாயிடும், புதுசா வர்ற பொண்ணுக்கும் தாராளமா இருக்கும்னார்.

"அக்காவுக்குன்னு சொன்னீங்களே?"

"கீழ துணி துவைக்கிற ரூம் சும்மாதானே கெடக்கு. ஒத்தைக் கட்டைக்கு எதுக்கு அவ்ளோ இடம்?"

அக்கா அங்கயே நின்னு வாளியில ஸ்பாஞ்சைப் பிழிஞ்சுட்டிருந்தாங்க. நான் கத்தினதுதான் மிச்சம். பையன்கிட்டப் போனேன். அப்பா முடிவு பண்ணிட்டாரேம்மான்னு நழுவிட்டான். அப்பனுக்குத் தப்பாம பொறந்த பிள்ளை.

சாயங்காலம் அக்காகிட்டக் கேட்டேன், கதவை மறைச்ச அந்தத் துண்டை மட்டும் உரிக்காம விட்டிருந்தா யாருக்குத் தெரியப் போகுதுன்னு.

"பாதி உரிச்ச சுவத்தோட எப்படிடி தூங்கறது?"ன்னாங்க.

இப்ப வாஷிங் மெஷினுக்குப் பக்கத்துல கட்டில். அது சுத்தும்போது கட்டிலும் ஆடுது.

அப்புறம் வந்துச்சு பாருங்க அடுத்த கூத்து. மருமகளா வரப்போறவ ஒரு சுவத்துக்கு மட்டும் வால்பேப்பர் கேட்டாளாம். கிளையில குருவி உக்காந்த டிசைன். ரோலைத் தூக்கிக்கிட்டு தம்பி வந்து நின்னார்.

"அக்கா, உன் கை மாதிரி வராது."

"கை வலிக்குதுப்பா."

அவங்க வாயிலேர்ந்து மாட்டேன்னு வந்து நான் கேட்டதே இல்ல. வலியும் இல்ல, ஒண்ணும் இல்ல. அன்னைக்குக் காலையிலதான் என்னோட சேந்து பீரோவை நகத்தினாங்க.

ரோஷத்துல அவரே ஒட்ட ஆரம்பிச்சார். டீ குடுக்க மாடிக்குப் போனேன். வாசப்படியில அக்கா நின்னுட்டிருந்தாங்க. முதல் துண்டைப் பாத்தேன். குருவிங்க எல்லாம் தலைகீழா, வௌவாலாட்டம் தொங்குது. அவர் ரெண்டாவது துண்டுக்குப் பசை தடவிட்டிருந்தார்.

அக்கா என்னைப் பாத்தாங்க. அப்புறம் கீழ போய்க் கதவைச் சாத்திக்கிட்டாங்க. நான் டீயை ஸ்டூல் மேல வச்சுட்டு வந்துட்டேன்.